எண்ணிக்கையில் வராத பிள்ளை

டாக்டரம்மா ஆல்காட் இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்தார். பிறகு எட்டு விரல்களை மடக்கிக் கொண்டார். இரண்டு விரல்தான் மிச்சம் நின்றது.

"மருந்து மட்டும் ஏத்திக்கிட்டே இருந்தா, பத்துப் பேர்ல ரெண்டு பேர் பிழைப்பாங்க" என்றார். மூன்று விரல்களை மறுபடி நிமிர்த்தினார். "கூடப் பிறந்தவங்களோட எலும்பு மஜ்ஜை பொருந்தினா, அஞ்சு பேர்."

அவர் ஆங்கிலத்தில் சொன்னதைச் சின்ன மகள் ஃபானே அம்மா காதில் டோங்கா மொழியில் சொன்னாள். கலோலைனி அந்த விரல்களையே பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மூக்கில் ரத்தம் கொட்டி விழுந்தவள் மூத்த மகள் ஹிங்கானோ. இருபத்தாறு வயது. ரத்தப் புற்றுநோய். முதல் சுற்று மருந்தில் நோய் அடங்கியிருக்கிறது. ஆனால் இந்த ரகம் அடங்கிக் கிடக்காதாம், இரண்டு மாதமோ மூன்று மாதமோ, மறுபடி தலைதூக்குமாம். அதற்குள் மஜ்ஜையை மாற்றியாக வேண்டும்.

"மகன் செமிசி, மகள் ஃபானே, ரெண்டு பேரோடதும் பொருந்தலை. உலகப் பட்டியல்லயும் தேடிட்டோம். உங்க தீவுக்காரங்க அதுல ரொம்பக் குறைவு. ஒருத்தர்கூட இல்லை" என்றார் டாக்டரம்மா. "மறுபடியும் கேக்குறேன். அதே அம்மா, அதே அப்பாவுக்குப் பிறந்தவங்க வேற யாரும் இல்லையா?"

ஃபானே அம்மாவைப் பார்த்தாள். கலோலைனி தரையைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள்.

பொய் சொன்னாள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். எங்கள் டோங்கா ஆட்களிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டால், வளர்க்கிற பிள்ளையைத்தான் எண்ணுவோம். கொடுத்த பிள்ளை கொடுத்த வீட்டுக் கணக்கு. அதை நம் பக்கம் சேர்த்து எண்ணுவது, பந்தியில் பரிமாறிய சோற்றைத் திருப்பி எடுக்கிற மாதிரி. மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டபோதும் அவள் கை தானாக மூன்று விரலைத்தான் காட்டியது. ஹலோட்டியின் பெயர் நாக்குக்கே வரவில்லை.

ஹலோட்டி அவள் வயிற்றில் மூன்றாவதாக வந்தவன். பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது கணவனின் அக்கா டோக்கிலூப்பே வந்தாள், தொட்டிலைக் குனிந்து பார்த்தாள், "இவன் எனக்கு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அப்பாவின் அக்காவுக்கு எங்களில் மேலே ஆள் கிடையாது. பிள்ளைகளுக்குப் பேர் வைப்பவள் அவள்தான், கல்யாணச் சீரில் முதல் பாய் அவளுக்குத்தான். அவள் மனம் நொந்து ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் குடும்பம் தழைக்காது என்று இன்றைக்கும் நம்புகிறோம். டோக்கிலூப்பேக்கு ஒரே குழந்தை பிறந்து, அதுவும் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. மனாசே தன் அக்காவிடம் மகனைத் தூக்கிக் கொடுத்தான். கலோலைனி ஒரு வாரம் மாரில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெங்காயக் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

அவள் சுபாவமே அப்படி. டோங்காவின் ஹாபாய் தீவிலிருந்து இருபது வயதில் ஆக்லாந்து நகரத்துக்கு வந்தவள். இருபத்தேழு வருஷமாகப் புக்கிகோஹேயில் வெங்காயம் தரம் பிரிக்கிறாள். மேற்பார்வையாளன் கத்தினாலும் சரி, மாமியார் கத்தினாலும் சரி, வாயில்லாப் பூச்சி. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். அந்த ஒரு தடவையும் திறக்கக் கூடாத இடம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மனாசே செத்தபோது. அக்கா மகன் என்கிற முறையில் ஹலோட்டி சவத்தின் தலைமாட்டில், மரியாதைப்பட்ட இடத்தில், டோக்கிலூப்பேக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எங்கள் வழக்கப்படி செத்தவனின் சொந்தப் பிள்ளைகள் துக்க உடுப்பாகக் கிழிந்த பெரிய பாயை நெஞ்சுவரை சுற்றிக்கொண்டு பின்கட்டில் அடுப்பெரிக்க வேண்டும். கலோலைனிக்கு என்ன வந்ததோ! ஒரு கந்தல் பாயை எடுத்துக்கொண்டு சபை நடுவே நடந்து போனாள். ஹலோட்டியைக் கையைப் பிடித்து எழுப்பி, அவன் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். "அப்பன் செத்துக் கிடக்கான். பெத்த பிள்ளை அடுப்பாண்ட நிக்கணும்" என்றாள்.

முந்நூறு பேர் பார்த்தார்கள். பையன் மறு பேச்சுப் பேசாமல் மூன்று நாள் அடுப்பெரித்தான். டோக்கிலூப்பே பத்தாம் நாள் மகனைக் கூட்டிக்கொண்டு போனவள்தான். அதற்கப்புறம் பேச்சு வார்த்தை இல்லை, போக்குவரத்து இல்லை.

டாக்டரம்மாவின் அறையை விட்டு வெளியே வந்ததும் ஃபானே வெடித்தாள்.

"இன்னொருத்தன் இருக்கான்னு சொல்ல உங்களுக்கு வாய் வரலையா? நான் உள்ள போய் சொல்லிடறேன்!"

"சொல்லிப் பாரு. அப்புறம் நான் உனக்கு அம்மா இல்லை."

"ஐயோ கடவுளே! அவனுக்கு இருபத்திரெண்டு வயசும்மா. அவனே கையெழுத்துப் போடலாம். ஏர்போர்ட்டுல மூட்டை தூக்குறான், ஒரு போன் பண்ணா ஓடி வருவான்."

"வந்துருவான்டி. அதான் எனக்குப் பயமே. அவளைக் கேக்காம வந்தா, அவ வீட்டுல மறுபடி எப்படிப் போய் நிப்பான்?"

"அப்போ அக்கா செத்தா பரவாயில்லையா?"

கலோலைனி பளாரென்று ஒரு அறை விட்டாள். பிறகு நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சனிக்கிழமை நான் போறேன். கேக்குறேன். புதன்கிழமை வரைக்கும் பதில் வரலைன்னா நானே அவனுக்குப் போன் பண்றேன். சாபம் வந்தா என் தலையில விழட்டும்" என்றாள்.

ஹிங்கானோவிடம் சொன்னபோது, மொட்டைத் தலையில் கம்பளித் தொப்பியோடு படுத்திருந்தவள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கட்டாயப்படுத்தாதீங்கம்மா" என்றாள் பிறகு. "அக்கா கேட்டா தம்பி மாட்டேன்னு சொல்ல முடியாது. முடியாதுன்னு சொல்ல முடியாதவன்கிட்ட எப்படிக் கேக்குறது?"

"நீ கேக்கலை. நான் கேக்குறேன்."

"அத்தைகிட்டயா?" ஹிங்கானோ சிரிக்கப் பார்த்தாள். உதட்டில் புண், இழுத்தது. "அதுக்கு இந்த நோயே மேல்."

சனிக்கிழமை காலை கலோலைனி தன் அம்மா நெய்த மெல்லிய பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அதைவிட உயர்ந்தது அந்த வீட்டில் எதுவும் இல்லை. டோக்கிலூப்பே இருக்கிற ஓட்டாஹுஹுவில் இறங்கி, தம்பி பெண்டாட்டி வர வேண்டிய முறைப்படி பின்வாசல் வழியாகப் போய், சமையலறைக் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். டோக்கிலூப்பே நாற்காலி நிறைய உட்கார்ந்து சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அறுபது வயது, மலை மாதிரி பெண்பிள்ளை. தலை நிமிரவில்லை.

"வெங்காய நாத்தம் வந்தப்பவே நினைச்சேன்" என்றாள். "சொல்லு. காரியம் இல்லாம வரமாட்டே."

"ஹிங்கானோவுக்கு முடியலை அண்ணி."

"தெரியும். சர்ச்சுல அவ பேரைச் சொல்லி ஜெபம் பண்றாங்க. சொந்த அத்தைக்குப் பாதிரியார் சொல்லித்தான் தெரியணும். நல்லா இருக்குடி உங்க மரியாதை!"

கலோலைனி பாயை இரண்டு கையாலும் முன்னால் தள்ளி வைத்தாள். டோக்கிலூப்பே அதைத் தொடவில்லை. தட்டுத் தடுமாறி, ஃபானே சொல்லிக் கொடுத்ததையெல்லாம் கலோலைனி சொல்லி முடித்தாள். முதலில் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், பொருந்தினால் மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பார்கள், ஒரு வாரம் வலிக்கும், எடுத்தது திரும்ப ஊறிவிடும்.

"பொருந்தறதுக்கு என்ன வாய்ப்பு?"

"நாலுல ஒண்ணு."

"பொருந்தினா, அவ பிழைக்க?"

"பத்துல அஞ்சு."

டோக்கிலூப்பே வியாழக்கிழமை தவறாமல் எண் விளையாட்டுக்குப் போகிறவள், ஒரே நேரத்தில் பன்னிரண்டு சீட்டைக் கவனிக்கிற மூளை. கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ எட்டுல ஒண்ணு. எட்டுல ஒண்ணுக்காக என் பிள்ளையைக் குப்புறப் போட்டுக் குத்தணும். மயக்கத்துலேருந்து அவன் முழிக்காம போனா?"

"முழிச்சுருவான்னு சொல்றாங்க அண்ணி."

"சொல்வாங்க. என் குழந்தையையும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. காலைல சொன்னாங்க, சாயங்காலம் துணியில சுத்திக் கொடுத்தாங்க." அவள் குரல் உடைந்தது, உடனே இறுகியது. "உனக்கு மூணு இருக்குடி. ஒண்ணு போனாலும் ரெண்டு இருக்கும். எனக்கு இருக்கறதே ஒண்ணு."

கலோலைனிக்கு அந்த ஒண்ணும் யார் கொடுத்தது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"நிஜம்தான்" என்றாள். "அன்னைக்கு சாவு வீட்டுல அவனை என் பிள்ளைன்னு இழுத்துட்டுப் போனேன். தப்புப் பண்ணிட்டேன். இன்னைக்கு உங்க பிள்ளையைத்தான் உங்ககிட்ட கேக்க வந்திருக்கேன். எந்தச் சபையிலயும் இனிமே அவனை என்னுதுன்னு என் வாய் சொல்லாது."

டோக்கிலூப்பே கத்தியை எடுத்து மறுபடி கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள்.

"பாயை எடுத்துக்கிட்டுப் போ" என்றாள்.

எடுத்தால் கேட்டது வாபஸ் என்று அர்த்தம். கலோலைனி அதை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது பாய் வாசற்படியில் கிடந்தது, கதவு சாத்தியிருந்தது.

ஞாயிறு போயிற்று. திங்கள் ஹிங்கானோவுக்குக் காய்ச்சல் நாற்பது டிகிரி தொட்டது. கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது என்றார்கள். இரண்டு மருந்துப் பை, பிறகு நாலு. கலோலைனி தொலைபேசிப் பக்கம் போவாள், எடுப்பாள், வைப்பாள். ஹலோட்டியின் நம்பர் அவளுக்கு மனப்பாடம், ஒரு தடவையும் அழுத்தியதில்லை. ஃபானே அம்மாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். செவ்வாய் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. டாக்டரம்மா கட்டிலோரம் வந்து, "இன்னும் இப்படி ரெண்டு தடவை வந்தா உடம்பு தாங்காது" என்று மட்டும் சொன்னார்.

புதன் காலை ஃபானே மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அம்மா, கீழ வாங்க. ரத்தம் எடுக்கிற இடத்துல அத்தை நிக்கிறாங்க. அவனும்!"

கலோலைனி படியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. முகப்பு மேசைக்கு முன்னால் டோக்கிலூப்பே ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், விசேஷத்துக்குக் கட்டுகிற நல்ல பாயை இடுப்பில் சுற்றி, நிமிர்ந்து நின்றிருந்தாள். பின்னால் ஹலோட்டி, மனாசேயின் அதே அகலத் தோள், கையைக் கட்டிக்கொண்டு. மேசைக்குப் பின்னாலிருந்த நர்ஸ் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க. அத்தை மகனுக்குப் பொருந்த வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. கூடப் பிறந்தவங்களுக்கு மட்டும்தான் இங்க ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்காங்க. இவர் உங்க மகன்னுதானே சொன்னீங்க?"

"என் மகன்தான்."

"அப்போ முடியாதும்மா."

ஃபானே வாயைத் திறந்தாள். கலோலைனி அவள் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள். டோக்கிலூப்பே திரும்பிப் பார்த்தாள். நேராகக் கலோலைனியின் முகத்தை. பேசுவாளா, சபை நடுவே மறுபடி பிள்ளையை இழுப்பாளா என்று பார்க்கிற பார்வை. கலோலைனி சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். மாடியில் மகள் கிடக்கிறாள். அவள் வாய்க்குள் அந்த வார்த்தை நெருப்புக் கட்டியாகச் சுட்டது. கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிடக் கையைத் தூக்கினாள்.

"அம்மா" என்றான் ஹலோட்டி மெல்ல, டோக்கிலூப்பேயின் தோளுக்குப் பின்னாலிருந்து. "என்ன சொல்லணுமோ சொல்லுங்க. நான் வேணா வெளியில போய் நிக்கிறேன்."

"நில்லுடா இங்கயே" என்றாள் அவள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிக்கோ, பொண்ணே. நான் இவனைப் பெறலை. பெத்தவ அதோ நிக்கிறா. மேல படுத்திருக்கறவளும் இவனும் ஒரே வயித்துல பிறந்தவங்க. எழுதிட்டியா? சரியா எழுது, நான் ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்."

ஹலோட்டி சட்டைக் கையை மடக்கினான். டோக்கிலூப்பே யாரையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்து போய், அங்கே சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். கலோலைனி கிட்டே போகத் துணியவில்லை. நாலடி தள்ளி நின்று அவளும் அழுதாள்.

எட்டு நாள் கழித்து வெங்காயக் கொட்டகைக்குப் போன் வந்தது. நாலில் அந்த ஒன்று விழுந்துவிட்டது. முழுப் பொருத்தம்.

ஜூலைக் கடைசியில் ஹிங்கானோவின் பழைய மஜ்ஜையை மருந்தால் சுத்தமாக எரித்தார்கள். அதற்கப்புறம் பின்வாங்க வழியில்லை. புதியது வேர் பிடிக்கவில்லையென்றால் உடம்பில் சொட்டு ரத்தம் ஊறாது. ஹலோட்டியை அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போன இரண்டு மணி நேரமும் டோக்கிலூப்பேயின் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டே இருந்தது. அவனை வெளியே கொண்டு வந்ததும், கண் திறக்காமலே "அம்மா" என்று முனகினான். இரண்டு பெண்களும் சட்டென்று எழுந்தார்கள். கலோலைனி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டாள், டோக்கிலூப்பே போனாள். கலோலைனிக்கு வலித்தது. வலித்தாலும் அதுதான் சரி என்று அவளுக்குத் தெரிந்தது. அன்று பிற்பகலே, அவனிடம் எடுத்த சிவப்புப் பை ஹிங்கானோவின் நெஞ்சுக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது.

அப்புறம் காத்திருப்பு. தினம் காலையில் ரத்தம் எடுத்து, வெள்ளை அணு எவ்வளவு என்று பலகையில் எழுதுவார்கள். பூஜ்யம். மறுநாள் பூஜ்யம். பத்தாம் நாள் பூஜ்யம். ஹிங்கானோவின் வாய் முழுக்கப் புண், எச்சில்கூட விழுங்க முடியாது. தம்பியாகப்பட்டவன் அக்கா படுத்திருக்கிற அறைக்குள் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஹலோட்டி வேலை முடிந்து வந்து நடைபாதைக் கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். டோக்கிலூப்பே கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு அசையாமல் உட்கார்ந்தாள். கலோலைனியோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசினால் அதட்டல்தான். "சாப்பிட்டியா? போய்த் தின்னுட்டு வா. நீயும் விழுந்தா யார் தூக்கறது?"

பதினைந்து, பூஜ்யம். பதினெட்டு, பூஜ்யம். டாக்டரம்மாவின் நெற்றிச் சுருக்கத்தைக் கலோலைனி படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். இருபத்தோராம் நாளுக்குள் புள்ளி ஐந்தாவது ஏறவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம் என்று ஃபானேயிடம் சொல்லியிருந்தார். இருபதாம் நாள் பலகையில் எழுதியதைத் துடைத்துவிட்டு, சந்தேகம், மறுபடி பரிசோதிக்கிறோம் என்றார்கள்.

இருபத்தோராம் நாள் காலை. டாக்டரம்மா பலகைக்கு முன்னால் நின்று எழுதினார். எழுதியதைச் சுட்டிக் காட்டினார். கலோலைனி படித்தாள், மறுபடி படித்தாள். கட்டிலில் ஹிங்கானோ புருவத்தைத் தூக்கி, போய்ச் சொல்லுங்க என்று வாசலைக் காட்டினாள். கலோலைனி கதவைத் திறந்து வெளியே வந்து, டோக்கிலூப்பேயின் நாற்காலிக்குக் கீழே, காலடியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உடம்பு குலுங்கியது.

"என்னடி? என்ன ஆச்சு?"

டோக்கிலூப்பேயின் முகம் வெளுத்தது. "ஐயோ ஹிங்கானோ, என் மருமகளே!" என்று அலறிக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் இறங்கினாள். தம்பி பெண்டாட்டி உட்கார்ந்த தரையில் ஒரு நாளும் உட்காராத அந்த மனுஷி, இரண்டு முட்டியையும் போட்டுக் கலோலைனியைக் கட்டிக்கொண்டு, மாரிலடித்து ஒப்பாரி வைத்தாள். நடைபாதைக் கோடியிலிருந்து ஹலோட்டி ஓடி வந்தான். நர்ஸுகள் எட்டிப் பார்த்தார்கள்.

"இல்லை... அண்ணி... இல்லை..." கலோலைனிக்கு ஒருவழியாகக் குரல் வந்தது. "ஏறிடுச்சு. புள்ளி அஞ்சு. பிடிச்சிருச்சு அண்ணி. அவன் ரத்தம் அவளுக்குள்ள பிடிச்சிருச்சு."

டோக்கிலூப்பே அழுகையை நிறுத்தினாள். தள்ளி வைத்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அடிப்பாவி! அதைச் சொல்றதுக்கு இவ்வளவு நேரமா? எனக்கு உசுரே போயிடுச்சு!"

அடித்த கையை எடுக்கவில்லை. ஹலோட்டி குனிந்து, "எழுந்திரிங்கம்மா, நாற்காலியில உக்காருங்க" என்று அவளைத் தூக்கப் பார்த்தான்.

"போடா, எனக்கு இங்கயே சௌகரியமா இருக்கு" என்றாள் டோக்கிலூப்பே, தரையில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டு.